லென்ஸ் ஒரு ஊர், ஷட்டர் ஒரு ஊர்

பெரிய ஃபார்மட் கேமரா, அதாவது பெரிய ஷீட் ஃபிலிமில் படம் எடுக்கிற கேமரா, வாங்கினால் உண்மையில் கைக்கு வருவது ஒரு மரச்சட்டம், ஒரு துருத்தி, பின்னால் பிம்பம் விழுந்து தெரிகிற ஒரு தேய்த்த கண்ணாடி. அவ்வளவுதான். லென்ஸ் தனி. வெளிச்சத்தைத் திறந்து மூடும் ஷட்டர் தனி. இரண்டையும் சேர்த்துக் கேமராவில் பொருத்தும் போர்டு தனி. டிஜிட்டல் கேமராவில் பழகியவர்களுக்கு நிக்கான் பாடிக்கு நிக்கான் லென்ஸ், கேனனுக்குக் கேனன். இங்கே அந்தக் கட்டுப்பாடே கிடையாது, எந்தக் கம்பெனி லென்ஸையும் எந்தக் கேமராவிலும் மாட்டலாம் என்று சொல்வார்கள். பொய் இல்லை. ஆனால் எப்போது மாட்டும், எப்போது மாட்டாது என்று சொல்ல எங்கள் ஊர்ப் பக்கத்தில் எனக்கு ஆள் இல்லை. திரும்பி வராத பணம் மட்டும் கிட்டத்தட்ட 35 ஆயிரம். பணத்தைவிடப் பெரிதாக ஒன்றும் போனது, அதைப் பிறகு சொல்கிறேன்.

காரைக்குடியில் கல்யாண ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். கண்டனூர் பக்கம் ஒரு பெரிய வீடு. பங்காளிகள் எல்லாரும் ஒருவழியாக ஒத்துக்கொண்டு விற்பதென்று முடிவானது. வாங்குகிறவர்களுக்கு வீடு வேண்டாம், அதில் இருக்கும் பர்மா தேக்குத் தூண்களும் நிலைக்கதவுகளும்தான் வேண்டும். பொங்கல் கழிந்ததும் பிரிக்க ஆள் வரும் என்றார்கள். பங்காளிகளில் மூத்த ஆச்சி ஒருவர் சென்னையிலிருந்து வந்து, "பிரிக்கிறதுக்குள்ள வீட்டை ஒழுங்கா ஒரு படம் எடுத்துக் குடு தம்பி. பெரிசா மாட்டணும்" என்றார். நான் அப்போதுதான் சென்னையில் ஒருவரிடமிருந்து பழைய 4×5 அங்குல மரக் கேமரா வாங்கி வைத்திருந்தேன். லின்ஹாஃப் டெக்னிகா என்ற கேமராவின் அளவு போர்டு ஏற்கும் கேமரா அது. போர்டு ஏறக்குறைய 96-க்கு 99 மி.மீ. செட்டிநாட்டு வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான கேமரா கிடையாது. தெரு குறுகல், முகப்பு உயரம், உச்சியில் கஜலட்சுமி சுதை. சாதாரணக் கேமராவை அண்ணாந்து பிடித்தால் வீடு பின்னால் சாய்ந்து விழுகிற மாதிரி வரும். இதில் கேமராவை நேராக நிறுத்தி, லென்ஸை மட்டும் மேலே தூக்கலாம். தூண் தூணாகவே நிற்கும்.

கேமராவோடு ஒரு போர்டும் வந்தது, நடுவில் 42 மி.மீ. துளையோடு. அது கோபால் (Copal) என்ற ஜப்பான் கம்பெனியின் 1 அளவு ஷட்டருக்கான துளை. இந்த ஷட்டர்கள் முக்கியமாக மூன்று அளவில் வந்தன: 0, 1, 3. போர்டில் போட வேண்டிய துளை முறையே சுமார் 35, 42, 65 மி.மீ. போர்டு 1-க்கு இருக்கிறதே என்று 1 நம்பர் ஷட்டர் ஒன்றை 9 ஆயிரத்துக்கு எடுத்தேன். லென்ஸுக்கு ஷ்னைடர் கம்பெனியின் சிம்மார்-எஸ் 150 மி.மீ., எஃப் 5.6. 4×5-க்கு 150 என்பது கண்ணால் பார்ப்பது போன்ற இயல்பான பார்வை தருவது. படச்சட்டத்தின் மூலைவிட்டமே சுமார் 153 மி.மீ. வெளிநாட்டில் ஒருவர் ஷட்டர் இல்லாமல் கண்ணாடிகளை மட்டும் மலிவாகப் போட்டிருந்தார். இந்த லென்ஸ்கள் முன் பாதி, பின் பாதி என்று இரண்டாகக் கழலும். நடுவில்தான் ஷட்டர் உட்காரும். ஷட்டர் கெட்டுப்போனால் கண்ணாடிகளைத் தனியாக விற்பது வழக்கம். சுங்கவரியோடு 20 ஆயிரத்தைத் தாண்டியது.

பார்சல் வந்த அன்று ராத்திரியே உட்கார்ந்து மாட்டப் பார்த்தேன். முன் பாதி ஷட்டருக்குள் கிணற்றில் வாளி இறங்குகிற மாதிரி இறங்கியது. மரை எதிலும் பிடிக்கவில்லை. அந்த லென்ஸ் 0 அளவு ஷட்டருக்குச் செய்தது. 0 அளவில் முன்னும் பின்னும் 29.5 மி.மீ. மரை. 1 அளவில் முன்னால் 40, பின்னால் 36. ரிங் போட்டுச் சரிக்கட்டுகிற வித்தியாசம் இல்லை இது. விற்றவரின் விளம்பரத்தில் ஷட்டர் அளவு என்ற வார்த்தையே இல்லை. கேட்டபோது, "நீங்கள் கேட்கவில்லையே" என்று பதில் வந்தது. எனக்கு வந்த கோபத்தில் அன்று ஸ்டுடியோவில் யாரும் என்னிடம் பேசவில்லை.

அதனால் முதல் விஷயம்: லென்ஸைத் தனியாக, ஷட்டரைத் தனியாக வாங்காதீர்கள். ஷட்டரில் பூட்டிய லென்ஸாகவே வாங்குங்கள். விலை கொஞ்சம் கூடத்தான் இருக்கும், ஆனால் அந்த ஷட்டரின் அளவுதான் உங்கள் போர்டில் போட வேண்டிய துளையைத் தீர்மானிக்கும், போர்டு ஷட்டரைத் தீர்மானிக்காது. தனியாக வாங்கியே ஆக வேண்டும் என்றால் விற்பவரிடம் மரையின் குறுக்களவை வெர்னியர் வைத்து அளந்து படம் போடச் சொல்லுங்கள். நம்பரை மட்டும் நம்ப வேண்டாம். பழைய காலத்து 1 நம்பரும் இன்றைய 1 நம்பரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. இலெக்ஸ் கம்பெனியின் 3 நம்பரும் கோபால் 3-ம் வேறு வேறு அளவு.

அப்புறம் 0 நம்பர் ஷட்டர் ஒன்று தேடிப் பிடித்தேன். அதுவும் ஏதோ ஒரு லென்ஸிலிருந்து கழற்றியதுதான், 8 ஆயிரம். மரை பிடித்தது, இரண்டு பாதியும் அழகாக ஏறின. 0, 1 இரண்டு கோபாலிலும் உடல் கனம் 20 மி.மீ.; முன் பாதிக்கும் பின் பாதிக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி இருக்க வேண்டும் என்று லென்ஸ் செய்தவர் கணக்குப் போட்டிருக்கிறாரோ அது இதை வைத்துத்தான். பழைய வேறு கம்பெனி ஷட்டரில் மரை தற்செயலாகப் பிடித்தாலும் கனம் வேறாக இருந்தால் கூர்மை போய்விடும். என் லென்ஸின் முன் பாதியில் தாள் போல மெல்லிய பித்தளை வளையம் ஒன்று இருந்தது. அந்த இடைவெளியைத் துல்லியமாக்கக் கம்பெனியிலேயே போட்டது. லேத் பட்டறையில் வேலை செய்த பையன் அதை "வேஸ்ட்டுண்ணே" என்று தட்டிவிடப் போனான், நல்ல வேளை பக்கத்தில் நின்றேன். லென்ஸைக் கழற்றும்போது கீழே ஒரு வெள்ளைத் துணியை விரித்துக்கொள்ளுங்கள்.

லேத்துக்கு ஏன் போனேன் என்றால், ஷட்டரைப் போர்டில் இறுக்கும் வளையம் வரவில்லை. அது ஒரு மெல்லிய வளையம், இரண்டு வெட்டு இருக்கும், அதில் சாவி கொடுத்துத் திருக வேண்டும். தனியாக வாங்கத் தேடினால் தபால் செலவு வளையத்தின் விலையைவிட அதிகம். லேத்காரர், "கோபால்னா யாரு, உங்க கூட்டாளியா?" என்று கேட்டுக்கொண்டே 600 ரூபாய்க்குச் செய்து தந்தார், நல்ல வேலை. மரை நுணுக்கமானது, ஷட்டரைக் கையில் கொடுத்து அதில் ஏற்றிப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். போர்டை ஒரு ஆசாரியிடம் தேக்கில் செய்யச் சொன்னேன். தச்சு வேலையில் இந்த ஊரை யாரும் குறை சொல்ல முடியாது, ஆனால் அவர் கண்ணுக்கு 2 மி.மீ. பலகை என்பது பலகையே இல்லை. 5 மி.மீ. கனத்தில் செய்து, வார்னிஷ் வேறு அடித்துக் கொடுத்தார். கனம் கூடியதால் பின்னாலிருந்து வளையம் மரையை எட்டவில்லை. துளையைச் சுற்றி மட்டும் பின்பக்கம் இழைத்து மெலிதாக்கினோம். வார்னிஷ் பளபளப்பு துருத்திக்குள் வெளிச்சத்தைச் சிதறடிக்கும் என்று உள்பக்கம் கரும்பலகை பெயின்ட் அடித்தேன். மாட்டும்போது பின் பாதியைக் கழற்றி, ஷட்டரைத் துளையில் நுழைத்து, வளையத்தை இறுக்கி, பிறகு பின் பாதியைத் திருக வேண்டும்.

இதெல்லாம் முடிந்து எடுத்த முதல் நெகடிவ்கள் எல்லாமே மெலிசு. வெளிச்சம் போதவில்லை. மீட்டர் சரி, ஃபிலிம் சரி, டெவலப்பர் சரி. ஷீட் ஃபிலிம் விலை தெரிந்தவர்களுக்கு என் வயிற்றெரிச்சல் புரியும். காரணம் அப்பர்ச்சர் பட்டையில், அதாவது வெளிச்சம் நுழையும் துளையின் எஃப் எண்கள் எழுதிய பட்டையில் இருந்தது. அந்த ஷட்டர் முன்பு இருந்தது ஒரு 90 மி.மீ. லென்ஸில். எஃப் எண் என்பது குவிதூரத்தைத் துளையின் விட்டத்தால் வகுத்தால் வருவது. 90-க்கு 22 என்று காட்டும் துளை சுமார் 4 மி.மீ. அதே துளை 150-க்கு ஏறக்குறைய எஃப் 37. ஒன்றரை ஸ்டாப் குறைவு; ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதியாகும். நான் 22 என்று நினைத்து வைத்ததெல்லாம் 37.

இதற்கு மருந்து எளிது, யாரும் சொல்லாததுதான் வியாதி. முன் கண்ணாடியின் மேல் ஒரு ஸ்கேலைப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கொஞ்சம் தள்ளி நின்று நேராகப் பாருங்கள். உள்ளே தெரியும் துளை எத்தனை மி.மீ. என்று படியுங்கள். கண்ணாடி வழியாகத் தெரியும் அளவுதான் கணக்கு. 150 மி.மீ. லென்ஸுக்கு அது 18.8 மி.மீ. என்றால் எஃப் 8, 13.6 என்றால் 11, 9.4 என்றால் 16, 6.8 என்றால் 22, 4.7 என்றால் 32. ஒவ்வொரு இடத்திலும் நெம்புகோலை நிறுத்தி, வெள்ளைத் தாளில் கோடு போட்டு, பழைய பட்டையின் மேல் ஒட்டிவிட்டேன். இன்று வரை அந்தத் தாள்தான்.

ஷட்டர் வேகமும் அப்படித்தான், அதன் மேல் எழுதியிருப்பதை நம்பக் கூடாது. இவை சுருள்வில்லிலும் பற்சக்கரத்திலும் ஓடுபவை. பழைய எண்ணெய் கட்டியாகிவிட்டால் மெதுவான வேகங்கள்தான் முதலில் இழுக்கும். என் ஷட்டரில் 1 செகண்ட் போட்டால் நிதானமாக மூச்சு விட்டு, கிட்டத்தட்ட இரண்டு செகண்டில் மூடியது. செல்ஃபோனில் செகண்டுக்கு 240 ஃபிரேம் ஸ்லோமோஷன் எடுத்து எண்ணிப் பார்த்தேன். 1/30 சரியாக இருந்தால் 8 ஃபிரேம் திறந்திருக்க வேண்டும், 1/8 என்றால் 30. வந்த நிஜ வேகத்தை ஒரு சீட்டில் எழுதிப் போர்டின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டால் போதும், எல்லா ஷட்டரையும் சர்வீஸுக்கு அனுப்ப வேண்டியதில்லை. கைக்கடிகாரம் பழுது பார்க்கும் அண்ணன் ஒருவர் ஒரு சொட்டு எண்ணெய் விட்டுத் தருகிறேன் என்றார். விடவில்லை. எண்ணெய் இதழ்களில் பரவினால் அவை ஒட்டிக்கொள்ளும், அப்புறம் முழுதாகக் கழற்றித்தான் கழுவ வேண்டும். சரி, எந்த வேகம் உண்மையில் தேவை? நல்ல வெயிலில், 100 ஐ.எஸ்.ஓ. ஃபிலிமில், எஃப் 22-ல் 1/60. மஞ்சள் ஃபில்டர் போட்டால் 1/30. வீட்டுக்குள் எல்லாம் செகண்ட் கணக்குதான். 1/500 ஓடுகிறதா என்று பார்த்துக் காசு கூடக் கொடுக்காதீர்கள்.

இதற்குள் மார்கழி பாதி போய்விட்டது. ஆச்சி ஃபோனில், "கல்யாணத்துக்கு ஒரே நாள்ல ஆயிரம் படம் புடிக்கிற, எங்க வீட்டுக்கு ஒரு படம் புடிக்க இத்தனை நாளா?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

முகப்புக்கு 150 போதவில்லை, எதிர் வீட்டுச் சுவர் முதுகில் இடித்தது. அகலமாகப் பார்க்கும் வைடு லென்ஸ் வேண்டும். இந்த முறை உஷாராக, ஷட்டரோடு, போர்டோடு, எல்லாம் பூட்டிய ஷ்னைடர் ஆங்குலான் 90 மி.மீ., எஃப் 6.8 ஒன்றை 18 ஆயிரத்துக்கு வாங்கினேன். "4×5 முழுதாகக் கவர் செய்யும்" என்று எழுதியிருந்தது. மாட்டினேன், கச்சிதமாக உட்கார்ந்தது. தெருவில் கேமராவை நிறுத்தி, கஜலட்சுமி உள்ளே வரும் வரை லென்ஸைத் தூக்கினேன். கழுவி எடுத்த நெகடிவில் மேல் மூலை இரண்டும் ஒன்றுமே பதியாமல் வெறுமையாக இருந்தன. சுதை இருக்க வேண்டிய இடத்தில் பாதி இல்லை.

லென்ஸ் விழவைக்கும் படம் வட்டமாக இருக்கும். இமேஜ் சர்க்கிள் என்பார்கள். அந்த வட்டத்துக்குள் ஃபிலிமின் நான்கு மூலையும் அடங்க வேண்டும். இந்தப் பழைய ஆங்குலானின் வட்டம் எஃப் 22-ல் சுமார் 154 மி.மீ. ஃபிலிமின் மூலைவிட்டம் 153. விற்றவர் எழுதியது எழுத்துக்கு எழுத்து உண்மை: கவர் செய்யும், லென்ஸை அசைக்காத வரை. லென்ஸைத் தூக்கினால் வட்டமும் கூடவே மேலே போகும். ஃபிலிமில் பிம்பம் தலைகீழ் என்பதால் காட்சியின் மேல்மூலைகள்தான் முதலில் பறிபோகும். கணக்கு இது: படச்சட்டம் 96-க்கு 120 மி.மீ. படுக்கையாக வைத்தால் அகலத்தில் பாதி 60, உயரத்தில் பாதி 48. வட்டத்தின் ஆரத்தின் வர்க்கத்தில் 60-இன் வர்க்கத்தைக் கழித்து, மூலம் எடுத்து, அதில் 48-ஐக் கழித்தால் எத்தனை மி.மீ. தூக்கலாம் என்று வரும். 154 வட்டத்துக்கு விடை வெறும் கால் மி.மீ.தான். பெயரில் 'சூப்பர்' சேர்ந்த சூப்பர்-ஆங்குலான் 90, எஃப் 8-க்கு வட்டம் 216. அதற்கு 41 மி.மீ. வரை தூக்கலாம். அதே 90, அதே கம்பெனி, பெயரில் ஒரு 'சூப்பர்' மட்டும். என் சிம்மார்-எஸ்ஸின் வட்டம் 210, அதற்கு 38 மி.மீ. கட்டடம் எடுக்கிறவர்கள் குவிதூரத்தைக் கேட்பதற்கு முன்பு வட்டத்தைக் கேளுங்கள். நேரில் சோதிக்கவும் வழி உண்டு. பல தேய்த்த கண்ணாடிகளில் நான்கு மூலையும் வெட்டியிருக்கும். அந்த வெட்டு வழியாக லென்ஸைப் பாருங்கள். துளை முழு வட்டமாகத் தெரிந்தால் அந்த மூலை பத்திரம், பூனைக்கண் மாதிரி ஒடுங்கித் தெரிந்தால் வெட்டுப்படுகிறது. வைடு லென்ஸ் வாங்குமுன் இன்னும் ஒன்று பார்த்துக்கொள்ளுங்கள்: 90-க்குத் துருத்தி நன்றாகச் சுருங்க வேண்டும். சுருங்கி இறுகிவிட்டால் வட்டம் பெரிதாக இருந்தும் லென்ஸைத் தூக்க முடியாது. சூப்பர் வகைகளின் பின் பாதியும் பெருத்தது, கேமராவின் முன்சட்டத் துவாரத்தில் நுழையுமா என்று அளந்துவிடுங்கள்.

சூப்பர் வாங்க அப்போது கையில் காசும் இல்லை, நாளும் இல்லை. எதிர் வீட்டு அண்ணனிடம் கேட்டு அவர்கள் மொட்டை மாடியில் கேமராவை ஏற்றினேன். பின்னால் போக இடம் கிடைத்தது, முகப்பின் பாதி உயரத்துக்கு நானே வந்துவிட்டதால் லென்ஸைத் தூக்க வேண்டியதும் குறைந்தது. 150-லேயே முகப்பு முழுதாக வந்தது. இந்தப் பக்கத் தெருக்களில் படம் எடுப்பவர்கள் லென்ஸுக்குச் செலவழிப்பதற்கு முன் எதிர் வீட்டில் ஒரு வாய் காபி குடித்துப் பார்க்கலாம்.

உள்ளே எடுக்க உதவியது சிவகாசி. கம்ப்யூட்டர் வருவதற்கு முன் அச்சகங்களில் பெரிய பிராசஸ் கேமராக்கள் இருந்தன அல்லவா, அவற்றின் லென்ஸ்கள் பழைய இயந்திரம் விற்கும் இடங்களில் இன்னும் அகப்படும். ஒரு ஷ்னைடர் ஜி-கிளாரான் 210 மி.மீ., எஃப் 9, ஷட்டர் இல்லாத வெறும் குழலில், 3 ஆயிரத்துக்குக் கிடைத்தது. முதலில் அதை அப்படியே போர்டில் மாட்டி, லென்ஸ் மூடியையே ஷட்டராக வைத்து எடுத்தேன். வளவுக்குள், அதாவது நடுமுற்றத்தைச் சுற்றிய பகுதியில், எஃப் 22-ல் மீட்டர் 10 செகண்ட், 30 செகண்ட் என்றுதான் சொல்லும். அதையும் அப்படியே எடுக்கக் கூடாது. நீண்ட நேரத்தில் ஃபிலிம் சோம்பேறியாகும். இல்ஃபோர்டு எஃப்பி4 பிளஸ் ஃபிலிமுக்குக் கம்பெனி கொடுத்த கணக்குப்படி 10 செகண்ட் என்பது 18, 30 என்பது 73 செகண்ட். அவ்வளவு நேரத்துக்கு மூடியைக் கையால் கழற்றி மாட்டலாம், ஷட்டரே வேண்டாம். எஃப் 9-ல் கண்ணாடியில் பிம்பம் மங்கலாகத்தான் தெரியும். நிலைக்கதவின் செதுக்கலில் டார்ச் அடித்து ஃபோகஸ் செய்துவிட்டு அணைத்தேன்.

பிறகு தெரிந்தது, ஜி-கிளாரான் 210-இன் இரண்டு பாதியும் குழலிலிருந்து கழன்று கோபால் 1-ல் நேராக ஏறும். சும்மா கிடந்த அந்த 9 ஆயிரம் ரூபாய் ஷட்டருக்கு வேலை வந்தது, 42 மி.மீ. போர்டுக்கும் வந்தது. அப்பர்ச்சர் பட்டை மட்டும் மறுபடி தாளில். எல்லாக் குழல் லென்ஸும் இப்படி ஏறாது, இந்த வரிசை ஏறும். கிட்டத்தில் எடுக்கச் செய்த லென்ஸ்தான், ஆனால் 22-க்கு மூடினால் தூரமும் நன்றாக இருக்கிறது.

போனது என்ன என்று சொல்லவில்லையே. வேலை செய்யும் லென்ஸோடு நான் உள்ளே போவதற்குள், வளவுக்குப் பின்னால் இருக்கும் இரண்டாங்கட்டில் தூண்களைக் கழற்றிவிட்டார்கள். ஆச்சி பிறந்து வளர்ந்த பக்கம் அது. வளவும் முகப்பும் பட்டாலையும் படமாக இருக்கின்றன, இரண்டாங்கட்டு இல்லை. அந்த இடத்தை ஃபோனிலாவது எடுத்து வைத்திருக்கலாம். அதனால் நாள் குறித்த வேலைக்குச் சோதித்துப் பார்க்காத லென்ஸோடு போகாதீர்கள். போனால் டிஜிட்டலில் ஒரு செட் முதலில் எடுத்துவிடுங்கள்.

சூப்பர்-ஆங்குலான் இப்போது வாங்கியாகிவிட்டது. பழைய ஆங்குலான் அலமாரியில் இருக்கிறது. 6×9 செ.மீ. ரோல் ஃபிலிம் பேக் வைத்து எடுப்பவர்களுக்கு அது அருமையான லென்ஸ், அந்தச் சின்னச் சட்டத்துக்கு 154 வட்டத்தில் 36 மி.மீ. வரை தூக்க இடம் இருக்கும். யாருக்காவது வேண்டுமென்றால் காரைக்குடிக்கு வந்து, மாட்டி, அளந்து பார்த்து எடுத்துக்கொள்ளலாம். 12 ஆயிரத்துக்குத் தருகிறேன்.